அது ஏன் திரும்பி வந்தது?

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூருக்குப் பஸ்ஸில் போகிறவர்களுக்குத் தாமிரபரணி ஒரு வழித்துணை. ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி என்று வயலும் வாழையுமாக வெகுதூரம் கூடவே வருவாள். அப்புறம் ஓரிடத்தில், சொல்லிக்கொள்ளாமலே வடக்கே ஒதுங்கி, ஏரல், ஆத்தூர் வழியாகப் புன்னைக்காயல் கடலுக்குப் போய்விடுவாள். குரும்பூர் தாண்டியதும் காற்றில் உப்பு வாடை தட்டும். வயல் மறைந்து பனை தெரியும். திருச்செந்தூரில் இறங்கி வேறு பஸ் பிடித்துத் தெற்கே போனால் ஆலந்தலை, கல்லாமொழி, குலசேகரன்பட்டினம், கடைசியில் மணப்பாடு.

இந்தக் கரையில் எனக்கு ஓர் அண்ணாச்சி உண்டு. சொந்தம் என்று சொல்ல முடியாது. எத்தனையோ வருஷத்துப் பழக்கம். கடல் தொழில்காரர். வயது அறுபதை எட்டிவிட்டது. இப்போது அவர் பிள்ளைகள்தாம் வள்ளம் இறக்குகிறார்கள். போகும்போதெல்லாம் ஒரு கருப்பட்டிக் காப்பியும், அரை மணி நேரப் பேச்சும் நிச்சயம். அந்தப் பேச்சில் எங்கே தொடங்கினாலும் கடைசியில் ஒரே கேள்வியில் வந்து முடிப்பார்.

“தம்பி, நாலு புஸ்தகம் படிச்சவங்க நீங்க. சொல்லுங்க. அது ஏன் திரும்பி வந்துச்சு?”

‘அது’ என்பது ஒரு திமிங்கலம்.

2016-ம் வருஷம் ஜனவரி மாதம் 11-ந் தேதி, திங்கட்கிழமை. பொங்கலுக்கு நாலே நாள் இருந்தது. அன்று மாலை மணப்பாட்டிலிருந்து கல்லாமொழி வரை நெடுகத் திமிங்கலங்கள் கரையை நோக்கி வரத் தொடங்கின. ஒன்றல்ல, இரண்டல்ல, கூட்டம் கூட்டமாக. அலையோடு வந்து மணலில் ஏறி, வாலை அடித்துக்கொண்டு கிடந்தன. 80-க்கு மேல் என்று கணக்கு. இருட்டுகிற நேரத்தில் ஊர் ஊராக ஜனங்கள் கடற்கரைக்கு ஓடினார்கள். வனத்துறையாரும், மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்காக்காரர்களும், மீன் துறையாரும் வந்தார்கள். ஆனால் தண்ணீருக்குள் இறங்கி அந்தப் பிராணிகளைத் தொட்டுத் தள்ளியவர்களில் பெரும்பாலோர் அந்தக் கரையின் தொழில்காரர்களே.

முப்பதுக்கு மேற்பட்டவற்றை வள்ளத்தில் கட்டி இழுத்து ஆழத்தில் கொண்டுபோய் விட்டார்கள். விட்டவற்றில் பல திரும்பிக் கரைக்கே வந்தன. மறுநாள் மணலில் இறந்து கிடந்தவை 40-க்கு மேல். பிறகு மண் தோண்டும் இயந்திரங்கள் வந்து பள்ளம் வெட்டின. அந்தக் கரையிலேயே புதைத்தார்கள்.

அண்ணாச்சி அன்று ராத்திரி ஒரே திமிங்கலத்தை மூன்று தடவை இழுத்துக்கொண்டுபோய் விட்டாராம். முதுகுத் துடுப்பில் ஒரு வடு இருந்ததால் அடையாளம் தெரிந்ததாம். மூன்றாம் தடவையும் அது திரும்பி வந்தபோது விடிந்துவிட்டது. அதற்குப் பிறகு அது அசையவில்லை.

“நம்ம கை ராசி அப்படியோ என்னவோ” என்று ஒருநாள் சொன்னார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. கடலில் எத்தனையோ பேரை, எத்தனையோ வள்ளங்களைக் காப்பாற்றிக் கரை சேர்த்த மனுஷர், ஒரு மிருகத்தைக் கடல் சேர்க்க முடியவில்லையே என்று இத்தனை வருஷமாக மனத்தில் போட்டு வைத்திருக்கிறார் என்று அப்போதுதான் புரிந்தது. ஆகவே அவருக்காக நாலு புஸ்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். அப்படிப் பார்த்ததில் கிடைத்த சரித்திரம்தான் இந்தக் கட்டுரை. நான் விஞ்ஞானி அல்லன். கதை எழுதிப் பிழைக்கிறவன். தெரிந்தவரைக்கும் நேராகச் சொல்லிவிடுகிறேன்.

முதலில், வந்தது யார்?

திமிங்கலம் என்றதும் கப்பலைக் கவிழ்க்கிற மலை ஒன்று நம் கண்முன் நிற்கிறது. இவை அப்படிப்பட்டவை அல்ல. உண்மையில் ஓங்கல் குடும்பத்தைச் சேர்ந்தவை. அந்தக் குடும்பத்தில் பெரிய உருவம் உடையவை. ஆண் ஆறு ஏழு மீட்டர் வரை வளரும். பெண் ஐந்து மீட்டர் சுமார். கன்னங்கறேல் என்ற உடம்பு, உருண்டை நெற்றி. இங்கிலீஷ்காரர்கள் இதற்குப் ‘பைலட் திமிங்கலம்’ என்று பெயர் வைத்தார்கள். கூட்டத்துக்கு வழிகாட்டியாக முன்னே ஒன்று போகும், மற்றவை அதன் பின்னே போகும் என்று அந்தக் காலத்து மாலுமிகள் நம்பியதால் வந்த பெயர். இதில் இரண்டு ஜாதி உண்டு. நம் கடலில் இருப்பது குட்டைத் துடுப்பு உடையது.

இவை கரையோரத்துப் பிராணிகளே அல்ல. ஆழ்கடலில், சூரிய வெளிச்சமே எட்டாத இருட்டில் முங்கிக் கணவாய் பிடித்துத் தின்கிறவை. அந்த இருட்டில் கண்ணால் என்ன பிரயோஜனம்? காதுதான் கண். இவை ‘டிக் டிக்’ என்று ஒலி எழுப்பி, அது எதிலேனும் பட்டுத் திரும்பி வருவதைக் கேட்டு, எதிரே இருப்பது பாறையா, இரையா என்று தெரிந்துகொள்கின்றன.

இன்னொன்று: இவை தனித்து வாழ்வதில்லை. தாய் வழியாக அமைந்த கூட்டம் இவற்றுடையது. தாய், அவள் தாய், பிள்ளைகள், பேரப் பிள்ளைகள் என்று சேர்ந்தே திரியும். ஜப்பானில் பிடிபட்ட நூற்றுக்கணக்கான திமிங்கலங்களைச் சோதித்து, 1980-களில் அங்கே ஓர் ஆச்சரியமான விஷயத்தைக் கண்டார்கள். பெண் திமிங்கலம் அறுபது வயசுக்கு மேலும் உயிரோடு இருக்கும். ஆனால் நாற்பதுக்குள் பிள்ளைப்பேறு நின்றுவிடும். ஈனாத கிழவி இருபது வருஷத்துக்கு மேல் கூட்டத்தோடு கூடவே இருக்கிறாள். மனுஷ ஜாதியை விட்டால், பாட்டிமாருக்கு இப்படி ஒரு நீண்ட காலத்தை ஒதுக்கி வைத்திருக்கிற பிராணிகள் உலகத்தில் மிகச் சிலவே.

அண்ணாச்சிக்கு 2016 முதல் அனுபவம் அன்று. சின்னப் பையனாக இருந்தபோதே இதைப் பார்த்தவர். 1973-ம் வருஷம் ஜனவரி மாதம் 14-ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை. அப்போதும் பொங்கல் சமயம்தான். தூத்துக்குடி தனி ஜில்லாவாகப் பிரியாத காலம் அது; அந்தப் பிரிவினை 1986-ல் வந்தது. மணப்பாட்டை ஒட்டிய இதே கரையில், இதே ஜாதித் திமிங்கலங்கள் 147 ஒதுங்கின. தூத்துக்குடியில் இருந்த மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் போய்ப் பார்த்து, எண்ணி, அளந்து எழுதிவைத்திருக்கிறார்கள். “அப்பா தோள்மேல உக்காந்து பாத்தேன். கரை பூரா கறுப்பா கிடந்துச்சு” என்பார் அண்ணாச்சி.

நாற்பத்துமூன்று வருஷ இடைவெளியில் ஒரே கரை, ஒரே மாதம், ஒரே ஜாதி. இதில் ஏதோ சூத்திரம் இருக்கவேண்டும் என்று யாருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது. சந்திரனைப் பார்க்கலாம் என்று பழைய பஞ்சாங்கக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். 2016-ல் அந்தத் திங்கட்கிழமை அமாவாசையை அடுத்த நாள். கடல் அதிகமாக ஏறி, அதிகமாக வற்றுகிற சமயம். சரி, அகப்பட்டது காரணம் என்று எழுந்தேன். உடனே 1973 வந்து என்னை உட்கார வைத்தது. அந்த வருஷம் ஜனவரி 4-ந் தேதி அமாவாசை, 18-ந் தேதி பௌர்ணமி. 14-ந் தேதி இரண்டுக்கும் நடுவே. நீரேற்றம் குறைவாக இருக்கிற சமயம். போதாக்குறைக்கு, நம் பக்கத்துக் கடலில் ஏற்றவற்றமே ஒரு மீட்டருக்குள் அடங்கிவிடுகிற சங்கதி. சந்திரன் பேரில் குற்றம் ருசுவாகவில்லை.

இந்தக் கேள்வியை முதலில் கேட்டவர் அண்ணாச்சி அல்லர். இரண்டாயிரத்து முந்நூறு வருஷத்துக்கு முன்பே கிரேக்க தேசத்து அரிஸ்டாட்டில் கேட்டிருக்கிறார். பிராணிகளைப் பற்றி அவர் எழுதிய பெரிய நூலில், டால்பின்கள் காரணமில்லாமல் கரையேறிவிடுவதாகச் சொல்லுகிறார்களே, அது ஏனென்று தெரியவில்லை என்று குறித்திருக்கிறார். எதற்கும் ஒரு காரணம் சொல்லாமல் விடாத மனுஷர் அவர். அவரே கையை விரித்த இடம் இது.

நம் தேசத்துச் சரித்திரத்திலும் இது பழைய வழக்குதான். 1852-ல் கல்கத்தாவுக்குக் கிழக்கேயிருந்த உப்பேரிகளில் இப்படி ஒரு கூட்டம் வந்து மாட்டிக்கொண்டது. ஆசியச் சங்கத்தின் காட்சிச்சாலையைப் பார்த்துக்கொண்டிருந்த எட்வர்ட் பிளைத் என்ற வெள்ளைக்காரர் அவற்றை ஆராய்ந்து, ‘இந்திய’ என்ற அடைமொழியோடு ஒரு புதுப் பெயரும் சூட்டினார். புது ஜாதி அல்ல, நம் குட்டைத் துடுப்புக்காரன்தான் என்று பிற்காலத்தில் தீர்ந்தது. உலகத்தில் பதிவானவற்றுள் மிகப் பெரியது நியூசீலாந்தைச் சேர்ந்த சாத்தம் தீவுகளில் 1918-ல் நடந்தது, ஏறக்குறைய ஆயிரம். 2020 செப்டம்பரில் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாத் தீவில் சுமார் 470 ஒதுங்கி, 380 இறந்தன. அங்கே ஒதுங்கியது நீண்ட துடுப்பு உடைய பங்காளி ஜாதி.

வழி தவறிச் சாவது திமிங்கலத்துக்கு மட்டும் நேர்வதன்று. தென் துருவத்தில் இன்னும் விசித்திரமான ஒரு காட்சி உண்டு. 1903-ல் காப்டன் ஸ்காட்டும் தோழர்கள் இருவரும், பனியே இல்லாத ஒரு வறண்ட பள்ளத்தாக்கில் இறங்கினார்கள். உயிருள்ள எதுவும் அங்கே இல்லை. கடலிலிருந்து வெகுதூரம் உள்ளே ஒரு சீலின் எலும்புக்கூடு மட்டும் கிடந்தது. கடல்நாய் என்று நாம் சொல்லுகிற அந்தப் பிராணி, தவழ்ந்து அவ்வளவு தூரம் எதற்காக வந்தது என்று அவர்களுக்கு விளங்கவில்லை. பிற்பாடு அதே பிரதேசத்தில் நூற்றுக்கணக்கான சீல்களின் உடல்களைக் கண்டார்கள். அந்தக் குளிரிலும் வறட்சியிலும் அவை அழுகாமல், கருவாடாகக் காய்ந்து, நூற்றாண்டுக் கணக்கில் அப்படியே கிடக்கின்றன. பெரும்பாலானவை இளங்குட்டிகள். கடல் உறைந்துபோன சமயத்தில் நீரைத் தேடிப் புறப்பட்டு, திசை மாறி, கடலுக்கு முதுகைக் காட்டி நடந்திருக்கின்றன. தின்ன ஒன்றும் இல்லை. நடந்து நடந்தே பட்டினியால் மடிந்திருக்கின்றன.

அந்தக் குட்டி தனியாக வழி தவறியது, தனியாகச் செத்தது. நம் கரைக்கு வந்தவை கூட்டத்தோடு வழி தவறியவை. இந்த வித்தியாசத்தை மனத்தில் வைத்துக்கொண்டால்தான் அண்ணாச்சியின் கேள்விக்குப் பதில் தெரியும். அதற்கு முன், கரைக்கு வந்ததே எப்படி என்பதைப் பார்த்துவிடலாம்.

1962-ல் டூடாக் ஃபான் ஹீல் என்ற டச்சு ஆராய்ச்சியாளர் ஒரு காரணம் சொன்னார். இந்தப் பிராணிகள் எதிரொலியைக் கேட்டு வழி காண்கிறவை அல்லவா? எதிரே செங்குத்தான பாறை இருந்தால் ஒலி பட்டுத் திரும்பிவிடும். ஆனால் மெல்ல மெல்லச் சரிந்து ஏறுகிற மணல் கரையில் ஒலி நேரே திரும்பாது, சிதறிப்போகும். முன்னால் நிலம் இருப்பதே தெரியாது. திறந்த கடல் என்றே தோன்றும். அவர் சொன்ன பிறகு உலகப் படத்தை வைத்துக்கொண்டு பார்த்தால், திமிங்கலக் கூட்டம் திரும்பத் திரும்ப ஒதுங்குகிற இடங்களில் அநேகம் இப்படிச் சாய்வான மணல் விரிகுடாக்களாகவே இருக்கின்றன. பக்கத்தில் கடலுக்குள் நீட்டிக்கொண்டு ஒரு முனையும் இருக்கும். உள்ளே வந்தது வெளியே போக வழி தெரியாதபடி அது கொக்கி போட்டு நிறுத்திவிடும்.

மணப்பாட்டைப் பார்த்தவர்களுக்கு நான் இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை. கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மணற்பாறைக் குன்று. அதன்மேல் 1581-ல் எழுந்த திருச்சிலுவைக் கோயில். வடக்கே வளைந்து செல்லும் நீண்ட மணல் கரை. புயலில் அடிபட்ட ஒரு போர்த்துகீசியக் கப்பல் இந்தக் கரையில் ஒதுங்கித் தப்பியது என்றும், அதன் பாய்மரத்தில் செய்த சிலுவையே முதலில் குன்றின்மேல் நட்டது என்றும் ஊர்க்காரர்கள் சொல்லுவார்கள். மனுஷரைக் காப்பாற்றிய அதே வளைவு திமிங்கலத்துக்கு வலையாகிவிட்டது போலும்.

இந்தக் கரை ஓரிடத்தில் நின்ற கரையும் அன்று. கொற்கையைக் கேள்விப்படாத தமிழர் உண்டா? பாண்டியர் முத்துக் குளித்த துறைமுகம். கிரேக்க மாலுமிகளும் அறிந்த பட்டினம். இன்று கொற்கையில் நின்றால் கடல் கண்ணுக்குத் தெரியாது. நாலைந்து மைல் விலகிப்போய்விட்டது. தாமிரபரணி மலையிலிருந்து கொண்டுவந்த வண்டலைக் கொட்டிக் கொட்டிக் கடலைத் துரத்தினாள். கொற்கை தூர்ந்தபின் காயல் எழுந்தது. மார்க்கோ போலோ வந்து பார்த்து வியந்த காயல் அது. அதையும் மண் மூடியது. கால்டுவெல் பாதிரியார் 1870-களில் இந்த இரண்டு இடங்களையும் தோண்டிப் பார்த்துவிட்டு, 1881-ல் அச்சான தம்முடைய திருநெல்வேலிச் சரித்திரத்தில், கடல் பின்வாங்கிய கதையை விஸ்தாரமாக எழுதியிருக்கிறார். திமிங்கலம் செத்ததற்குத் தாமிரபரணிதான் காரணம் என்று நான் வழக்குத் தொடுக்கவில்லை. அவள் கடலில் சேருமிடம் மணப்பாட்டுக்கு வெகு வடக்கே. நிலம் எது, கடல் எது என்று மனுஷரையே ஏமாற்றி வந்த கரை இது என்பதைத்தான் சொல்லுகிறேன்.

நம் காலத்தில் இன்னொரு சந்தேகமும் கிளம்பியது. 2000-ம் வருஷம் மார்ச் மாதம் பஹாமாத் தீவுகளில் வேறு ஜாதித் திமிங்கலங்கள் ஒதுங்கின. நீர்மூழ்கிகளைக் கண்டுபிடிப்பதற்காக அமெரிக்கக் கடற்படைக் கப்பல்கள் தண்ணீருக்குள் எழுப்பிய பேரொலிதான் காரணம் என்று விசாரணையில் வெளிவந்து, கடற்படையும் ஒப்புக்கொண்டது. அதுமுதல் எங்கே திமிங்கலம் ஒதுங்கினாலும், ‘கப்பல்காரன் வேலை’ என்று சொல்லுகிற வழக்கம் வந்துவிட்டது. 2016-லும் நம் ஊர் டீக்கடைகளில் அந்தப் பேச்சு இருந்தது. ஆனால் 1852-ல் கல்கத்தாவில் எந்தக் கடற்படை அந்த ஒலியை எழுப்பியது? அரிஸ்டாட்டில் காலத்தில் எது? மனுஷன் செய்கிற பாவங்கள் போதும். செய்யாததையும் அவன் தலையில் கட்ட வேண்டியதில்லை.

ஆகக்கூடி, நம் கரையில் அந்த இரண்டு ஜனவரி மாதங்களிலும் கூட்டம் எதனால் ஆழத்தை விட்டு உள்ளே வந்தது என்பதற்கு ருசுவான காரணம் இல்லை. இரையைத் துரத்தி வந்திருக்கலாம். முன்னே போன ஒன்று நோயில் தடுமாறியிருக்கலாம். உள்ளே வந்தபின் இந்தச் சரிவு அவற்றை ஏமாற்றியிருக்கலாம். அரிஸ்டாட்டிலுக்குப் பின் நாம் கொஞ்ச தூரம் வந்திருக்கிறோம். முழுத் தூரமும் வந்துவிடவில்லை.

ஆனால் அண்ணாச்சி கேட்டது அதுவல்லவே. அவர் கேட்பது, ஏன் வந்தது என்றல்ல. ஏன் திரும்பி வந்தது என்பது. அதற்குப் பதில் இருக்கிறது.

தண்ணீரில் மிதக்கிற வரையில் திமிங்கலத்துக்குத் தன் கனம் தெரியாது. மணலில் ஏறியதும் ஒரு டன், இரண்டு டன் எடையும் அதன் நெஞ்சின்மேலேயே உட்கார்ந்துவிடுகிறது. நுரையீரல் விரிய முடியாமல் மூச்சுத் திணறுகிறது. கீழே நசுங்குகிற சதை கெட்டு, அந்த விஷம் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைத் தாக்குகிறது. குளிர்ந்த ஆழத்தில் உடம்புச் சூட்டைக் காப்பாற்றிய கொழுப்புப் போர்வை, இப்போது அதே சூட்டை வெளியே விடாமல் உள்ளேயே வேக வைக்கிறது. அலை ஏறும்போது தலைமேல் இருக்கிற மூச்சுத் துவாரத்தில் தண்ணீர் புகுந்து, திமிங்கலமே மூழ்கிச் சாவதும் உண்டு. இப்படிச் சில மணி நேரம் ஒரே பக்கமாகக் கிடந்ததை இழுத்துக்கொண்டுபோய் ஆழத்தில் விட்டால், அதற்கு நிமிர்ந்து நீந்தவே வராது. நம் கால் மரத்துப்போனால் எழுந்து நடக்க முடிகிறதா? அதற்கு உடம்பே மரத்துப்போயிருக்கிறது. கிறுகிறுத்து, வட்டமிட்டு, அலை தள்ளுகிற பக்கம் போகிறது. அலை தள்ளுவதோ கரைப் பக்கம்.

இது பாதிப் பதில். மீதிப் பாதி காதில் இருக்கிறது. கரையில் கிடக்கிறவை சும்மா கிடப்பதில்லை, கூவிக்கொண்டே கிடக்கின்றன. விஸில் அடிக்கிற மாதிரி அவற்றின் குரல் தண்ணீரில் வெகுதூரம் கேட்கும். ஆழத்தில் தனியாக விடப்பட்டதன் காதில் விழுவது அந்த ஒரே குரல்தான். முன்னே இருட்டு, பின்னே கூட்டம். ஆயுசு முழுதும் கூட்டத்தின் குரலைக் கேட்டே வழி நடந்த பிராணி எந்தப் பக்கம் திரும்பும்?

இந்த இடத்தில், கதை எழுதுகிறவனுக்கு ஒரு சபலம் வருகிறது. தாய்ப் பாசம் என்று எழுதிவிடலாம். கரையில் கிடக்கும் பிள்ளையை விட்டுப் போகமாட்டாமல் தாய் திரும்பி வந்தாள் என்று முடித்தால் வாசகர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். ஆனால் 2013-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி என் பேனாவைப் பிடித்துக்கொண்டது. நியூசீலாந்திலும் டாஸ்மேனியாவிலும் ஒதுங்கிய நீண்ட துடுப்புத் திமிங்கலங்களின் மரபணுவைச் சோதித்தார்கள். ஒதுங்கிய கூட்டம் ஒரே தாய் வழி அல்ல. பல குடும்பங்கள் கலந்தது. கரையில் குட்டி ஒரு பக்கமும் தாய் வேறு பக்கமுமாகக் கிடந்தன. சில குட்டிகளின் தாய் அங்கே ஒதுங்கியவற்றில் இல்லவே இல்லை. அவர்கள் ஆராய்ந்தது நம் ஜாதியை அன்று. ஆனாலும் அதைப் படித்தபின் தாய்க்கதை எழுத எனக்குக் கை வரவில்லை. எழுதினால் கண்ணீர் நிஜமாக இருக்கும்; கதை பொய்யாகிவிடும். சொந்தம் என்பதற்காக மட்டும் அவை திரும்பவில்லை. அந்நியமானாலும் தன் இனத்தின் குரல் கேட்கிற பக்கம் போகிற பழக்கம் அது. ஆழ்கடலில் அந்தப் பழக்கம் உயிரைக் காப்பாற்றுகிறது. நாலடித் தண்ணீரில் அதுவே உயிரை வாங்குகிறது.

அப்படியானால் மனுஷனால் ஆகக்கூடியது ஒன்றுமே இல்லையா? உண்டு. அதை நமக்குக் காட்டியவர்கள் வெகு தூரத்தார் அல்லர். மன்னார் வளைகுடாவுக்கு அக்கரையில் உள்ள இலங்கைக்காரர்கள்.

2020-ம் வருஷம் நவம்பர் 2-ந் தேதி, கொழும்புக்குத் தெற்கே பாணந்துறைக் கடற்கரையில் இதே ஜாதித் திமிங்கலங்கள் நூற்றுக்கு மேல் ஒதுங்கின. கொரோனாவுக்காக ஊரடங்கு போட்டிருந்த சமயம். அதையும் பார்க்காமல் ஊர் ஜனங்கள் வந்தார்கள். கடற்படையாரும் கரையோரக் காவல் படையாரும் வந்தார்கள். சாயந்தரம் தொடங்கி ராத்திரி முழுதும், தண்ணீரில் நின்று தள்ளியும் இயந்திரப் படகுகளால் இழுத்தும், திரும்பியவற்றை மறுபடி மறுபடி ஓட்டியும், விடிவதற்குள் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் கடலில் சேர்த்துவிட்டார்கள். செத்தவை விரல் விட்டு எண்ணக்கூடியவை.

அவர்கள் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள் என்றோ, நம்மவர்கள் குறைவாகப் பாடுபட்டார்கள் என்றோ இதற்கு அர்த்தம் அன்று. இங்கே மணப்பாட்டிலிருந்து கல்லாமொழி வரை மைல் கணக்கில் சிதறி ஒதுங்கின. அங்கே ஒரே கரையில். இங்கே ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டுபோய் விட்டார்கள். போனது தனியாகப் போயிற்று. கரையில் மற்றவற்றின் குரல் இருந்துகொண்டே இருந்தது. இந்த விபத்தில் பல தலைமுறை அடிபட்ட நியூசீலாந்துக்காரர்கள் இதை ஒரு முறையாகவே வைத்திருக்கிறார்கள். முதலில் வந்ததை அவசரப்பட்டு விடுவதில்லை. ஈரத் துணி போர்த்தி, மூச்சுத் துவாரத்தில் தண்ணீர் போகாமல் பார்த்து, கவிழ்ந்து கிடப்பதை நிமிர்த்தி வைத்துக் காத்திருக்கிறார்கள். நீர் ஏறியதும் எல்லாவற்றையும் இடுப்பளவு தண்ணீரில் ஒன்றாகச் சேர்த்துப் பிடித்து, உடம்பின் மரமரப்பு நீங்கும்வரை தாங்குகிறார்கள். பிறகு கூட்டத்தைக் கூட்டமாகவே அனுப்பிவிட்டு, மனுஷர் கைகோத்து வரிசையாக நின்று திரும்பி வரும் வழியை மறிக்கிறார்கள். அப்படியும் எல்லாச் சமயத்திலும் வெற்றி கிட்டுவதில்லை. ஆனால் பல சமயங்களில் கிட்டியிருக்கிறது.

இவ்வளவையும் சேகரித்துக்கொண்டு போன மாதம் மணப்பாட்டுக்குப் போயிருந்தேன். குன்றின் நிழலில் உட்கார்ந்து, காப்பி ஆறிப்போகிற வரைக்கும் சொன்னேன். அண்ணாச்சி குறுக்கே பேசவே இல்லை. வலையில் ஒரு கண்ணி அறுந்த இடத்தை விரலால் தடவிக்கொண்டே கேட்டார்.

“அப்பம், நான் விட்டது தப்பில்ல, தனியா விட்டதுதான் தப்பு.”

“தப்புன்னு ஏன் அண்ணாச்சி சொல்லுதீங்க? அன்னிக்கு யாருக்குத் தெரியும்?”

“தெரியாமச் செஞ்சா தப்பு இல்லையா? அது கெடக்கட்டும் தம்பி.” கொஞ்ச நேரம் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். “வடு இருந்துச்சுன்னேம்லா, அது மூணாவது வாட்டி வந்தப்ப என்னயப் பாத்துதான் வருதுன்னு நெனச்சேன். என்னமோ எங்கிட்ட கேக்க வருதுன்னு.”

“உங்களப் பாத்து இல்ல. பக்கத்துல கெடந்ததப் பாத்து.”

தலையை ஆட்டினார். அதில் அவருக்கு நிம்மதியா, ஏமாற்றமா என்று என்னால் சொல்ல முடியவில்லை. இரண்டும் இருந்திருக்கும்.

நான் பஸ்ஸுக்கு எழுந்தபோது அவரும் எழுந்தார். கரையில் ஏற்றி வைத்திருந்த வள்ளங்களை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒருமுறை பார்த்தார், உதடு அசைந்தது. எண்ணிக்கொண்டிருந்தார்.

“நம்ம ஊருல எல்லாத்தயும் எறக்கினாலும் பத்தாது தம்பி” என்றார். “ஆலந்தலைக்காரங்களயும் கூப்பிடணும்.”